காதுத் துணுக்கைப் பார்த்துப் பன்றியின் வளர்ச்சியைச் சொல்ல முடியுமா? மரபணுத்தொகை எதிர்வுகூறல்: ஒரு விளக்கம்

2024ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையிலும் பரவியது. அந்தப் பேச்சு அடங்குமுன், 2025 ஏப்ரலில், வைரஸ் நோய் ஒன்றைத் தாங்கும்படி மரபணு திருத்தப்பட்ட பன்றியை உணவுக்குப் பயன்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. இதற்கிடையில், பெரிய பன்றி நிறுவனங்கள் குட்டியின் டி.என்.ஏ.யைப் பார்த்தே அது எப்படி வளரும் என்று கணித்துவிடுகின்றன என்ற செய்தியும் அடிக்கடி கண்ணில் படுகிறது. மூன்றும் கலந்து, "மரபணுப் பன்றி வந்துவிட்டால் காய்ச்சலும் வராது, இறைச்சியும் கூடும்" என்று யாழ்ப்பாணத்திலும் சிலர் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் பன்றி வளர்ப்பு பெரிய தொழில் என்று சொல்ல முடியாது. நாட்டின் பன்றிப் பண்ணைகள் பெரும்பாலும் புத்தளம் தொடங்கி கம்பஹா, கொழும்பு வரையான மேற்குக் கரையோரத்தில்தான் செறிந்திருக்கின்றன. இங்கே, வீட்டுக்குப் பின்னால் இரண்டு மூன்று வளர்ப்பவர்களும் ஊர் ஒதுக்குப்புறத்தில் சிறு பண்ணை நடத்துபவர்களுமே அதிகம். ஆனாலும் டி.என்.ஏ.யைப் பார்த்துக் கணிக்கும் இந்தத் தொழில்நுட்பத்தைப் புரிந்து வைத்திருப்பது அவர்களுக்குத் தேவை. நல்ல இனம் என்று காசு கொடுத்து வாங்கும் ஆண் பன்றியோ விந்தோ எங்கோ ஓரிடத்தில் இந்தக் கணக்கைக் கடந்து வந்ததாக இருக்கலாம். அந்தக் கணக்கு நம் வெயிலுக்கும் நம் தீனிக்கும் பொருந்துமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் மூன்று தொழில்நுட்பங்களைப் பிரிப்போம்

1. ஒற்றை மரபணுப் பரிசோதனை. சில குணங்களை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது. பன்றியில் இதற்குப் பேர்போன உதாரணம் ஹலோதேன் மரபணு. அதில் பழுதுள்ள பிரதி இரண்டைப் பெற்ற பன்றி, லொறியில் ஏற்றும்போதோ சண்டை பிடிக்கும்போதோ உடல் சூடேறி விறைத்துச் செத்துப்போகும். உயிரோடு கொல்களத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் இறைச்சி வெளிறி, தளர்ந்து, நீர் வடியும். டி.என்.ஏ.யில் எந்த எழுத்து மாறியதால் இது வருகிறது என்று 1991இல் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு ஒரு சின்னப் பரிசோதனையில் பழுதைக் கண்டு, அந்தப் பன்றியை ஒதுக்கிவிடலாம் என்றாகியது.

2. மரபணுத் திருத்தம். இங்கே டி.என்.ஏ.யிலேயே கை வைக்கிறார்கள். அமெரிக்காவில் அனுமதி பெற்ற பன்றியில் சி.டி.163 என்ற மரபணுவின் ஒரு துண்டு நீக்கப்பட்டிருக்கிறது. பி.ஆர்.ஆர்.எஸ். எனப்படும் இனப்பெருக்க, சுவாச நோயின் வைரஸ் கலத்துக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி அந்தத் துண்டில்தான் இருக்கிறது. அது ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அல்ல. வேறு வைரஸ், வேறு நோய்.

3. மரபணுத்தொகை எதிர்வுகூறல். மரபணுத்தொகை என்றால் ஒரு விலங்கின் முழு டி.என்.ஏ.யும். இதில் எதையும் மாற்றுவதில்லை, எதையும் புதிதாகச் சேர்ப்பதுமில்லை. இயற்கையாகப் பிறந்த நூறு குட்டிகளில் எவற்றை அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பனாக வைத்துக்கொள்வது என்று தெரிவு செய்வதற்கான கணக்கு இது. பண்ணைக்காரர் காலங்காலமாகக் கண்ணால் பார்த்துச் செய்ததை, டி.என்.ஏ.யையும் சேர்த்துக்கொண்டு செய்கிறார்கள்.

கட்டுரையின் மிகுதி முழுவதும் மூன்றாவதைப் பற்றியது.

இனவிருத்தி மதிப்பு

ஒரு பன்றி விரைவாக வளர்ந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பிறப்போடு வந்தது. மற்றது, நல்ல தீனி, நிழல், பூச்சி மருந்து, கூட்டில் சண்டைக்கு வராத அயல் பன்றிகள். முதலாவது மட்டுமே குட்டிகளுக்குப் போகும். ஒரு விலங்கு தன் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடிய அந்தப் பங்கை எண்ணாக்கினால் கிடைப்பது இனவிருத்தி மதிப்பு. அதை நேரே அளக்க முடியாது, மதிப்பிடத்தான் முடியும்.

எல்லாக் குணங்களும் ஒரே அளவில் பிறப்போடு வருவதில்லை. பன்றிகளுக்கு இடையில் தெரியும் வேறுபாட்டில் எத்தனை பங்கு மரபால் வருகிறது என்பதை மரபுப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். முதுகுக் கொழுப்பின் தடிப்புக்கு அது 0.4 முதல் 0.5 வரை. வளர்ச்சி வேகத்துக்கு ஏறக்குறைய 0.3. ஓர் ஈற்றில் எத்தனை குட்டி என்பதற்கு வெறும் 0.1 அளவு. அதாவது அயல் வீட்டுப் பன்றி பதினான்கு குட்டி போட்டது என்று அதன் பெண் குட்டியைக் கூடுதல் விலைக்கு வாங்கினால், அந்தப் பதினான்கில் பெரும்பகுதி பிறப்போடு வந்ததல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கொழுப்புக் குறைந்த பன்றியின் குட்டியை வாங்குவது அதைவிட நிச்சயமான பந்தயம்.

மதிப்பீடு உண்மைக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பது நம்பகம். 0 என்றால் குருட்டு ஊகம், 1 என்றால் முழு நிச்சயம். ஒரு தாய்ப்பன்றியின் ஓர் ஈற்றை மட்டும் பார்த்து அதன் குட்டி எண்ணிக்கைக்கான மதிப்பைச் சொன்னால் நம்பகம் 0.32 அளவில்தான் நிற்கும். ஆண் பன்றிக்கு ஈற்றே கிடையாது, ஆகவே அதன் மகள்களைப் பார்க்க வேண்டும். நம்பகம் 0.7ஐத் தொட 39 மகள்கள் ஆளுக்கொரு ஈற்றுப் போட்டாக வேண்டும். அதற்குள் தகப்பனுக்கு இரண்டு வயதாகிவிடும். நவீன பண்ணையில் இரண்டு வயது என்பது ஆண் பன்றியைக் கழித்துவிடும் வயதுக்குக் கிட்ட.

அமெரிக்கரான சார்ள்ஸ் ஹென்டர்சன் இந்தச் சிக்கலுக்கு ஒரு கணக்கு முறையைத் தந்தார். 'பிளப்' என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். ஒரு பன்றியின் சொந்தப் பதிவோடு, தாய், தகப்பன், சகோதரம், சித்தி, மாமன் என்று எல்லா உறவுகளின் பதிவுகளையும் உறவு நெருக்கத்துக்கு ஏற்பச் சேர்த்து, பண்ணை, பருவம் போன்ற வேறுபாடுகளைக் கழித்து மதிப்பைத் தருவது அது. உலகின் பன்றி இனவிருத்தி பல ஆண்டுகள் இதில்தான் ஓடியது. இன்றைய முறையும் அதன் மேல் கட்டப்பட்டதுதான்.

ஓர் ஈற்றுக் குட்டிகள் ஒரே மாதிரியா?

'பிளப்' முறையில் ஓர் ஓட்டை உண்டு. உதாரணத்துக்கு, தகப்பனின் மதிப்பு நாளொன்றுக்கு 40 கிராம் கூடுதல் வளர்ச்சி, தாயின் மதிப்பு 20 கிராம் என்று வைப்போம். அவற்றுக்குப் பிறந்த பத்துக் குட்டிகளுக்கும் வம்சாவளி தரும் மதிப்பு 30 கிராம். பத்துக்கும் ஒரே எண்.

பத்தும் ஒன்றல்ல என்பது வளர்ப்பவர் யாருக்கும் தெரியும். ஒவ்வொரு குட்டியும் தாயிடமிருந்து பாதியையும் தகப்பனிடமிருந்து பாதியையும் பெறுகிறது, ஆனால் எந்தப் பாதி என்பது குலுக்கலில் விழுவது. ஒரு குட்டிக்குத் தகப்பனின் நல்ல துண்டுகள் கூடுதலாகக் கிடைத்திருக்கும், மற்றதற்குக் குறைந்திருக்கும். நெருங்கிய உறவுக் கலப்பு இல்லாத கூட்டத்தில், மொத்த மரபு வேறுபாட்டின் சரிபாதி இப்படி ஓர் ஈற்றுக் குட்டிகளுக்கு உள்ளேயே ஒளிந்திருக்கிறது. பத்துக் குட்டிகளில் நல்லதற்கும் மோசமானதற்கும் இடையில் நாளொன்றுக்கு 60 கிராம் வித்தியாசம் இருந்தால் நூறு நாளில் அது 6 கிலோ. தாய் தகப்பனின் மதிப்பு துல்லியமாகத் தெரிந்திருந்தாலும், வம்சாவளியை மட்டும் வைத்துக் குட்டிக்குச் சொல்லும் எண்ணின் நம்பகம் 0.71ஐத் தாண்டாது. அந்தக் கூரையை உடைக்க, குலுக்கலில் எது விழுந்தது என்பதைப் பார்த்தாக வேண்டும். டி.என்.ஏ. அதைத்தான் காட்டுகிறது.

சிப்பில் இருப்பது என்ன?

பன்றிக்கு 19 சோடி நிறமூர்த்தங்கள், சோடிக்கு ஒன்றாக எடுத்தால் அவற்றில் ஏறக்குறைய 250 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். டியூரொக் இனப் பெண் பன்றி ஒன்றின் எழுத்துவரிசையை அடிப்படையாகக் கொண்டு, பன்றியின் மரபணுத்தொகை 2012இல் வெளியானது. பன்றிக்குப் பன்றி வேறுபடும் ஒற்றை எழுத்து இடங்களை ஸ்னிப் என்கிறார்கள். அவற்றில் அறுபதாயிரத்துச் சொச்சத்தை ஒரே தடவையில் வாசிக்கும் சிப் 2009இல் வந்தது. சராசரியாக நாற்பதாயிரம் எழுத்துக்கு ஒரு ஸ்னிப்.

பலர் தடுக்கி விழும் இடம் இது. அந்த அறுபதாயிரமும் வளர்ச்சி மரபணுக்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இல்லை. ஏ9 வீதியில் நிற்கும் கிலோமீற்றர் கற்களைப் போல அவை வெறும் அடையாளங்கள். கல்லுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் கல்லைச் சொன்னால் வீடு எங்கே என்று தெரிந்துவிடும். ஓர் ஸ்னிப்புக்குப் பக்கத்தில் வளர்ச்சியைப் பாதிக்கும் மாற்றம் ஒன்று இருந்தால், இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படும். ஆகவே மரபணு எது என்று தெரியாமலே அதன் விளைவைக் கணக்கில் பிடித்துவிடலாம்.

முன்பு அப்படி நினைக்கவில்லை. 1990களில் ஆய்வாளர்கள் குட்டி எண்ணிக்கைக்கான மரபணு, கொழுப்புக்கான மரபணு என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். சில கிடைக்கவும் செய்தன. ஆனால் பெரும்பாலான பொருளாதாரக் குணங்கள் மிகச் சிறிய விளைவுள்ள நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான இடங்களின் கூட்டு என்பது மெல்லத் தெரிய வந்தது. 2001இல் மியூவிசன், ஹேய்ஸ், கொடார்ட் என்ற மூவர் வேறொரு வழியைச் சொன்னார்கள்: எது முக்கியம் என்று தேடிக் களைக்க வேண்டாம், எல்லா அடையாளங்களையும் ஒரே நேரத்தில் கணக்கில் சேருங்கள். அப்போது அவ்வளவு அடர்த்தியான சிப் எந்தப் பண்ணை விலங்குக்கும் இருக்கவில்லை. யோசனை முந்தி வந்தது, கருவி பிந்தி வந்தது.

கணக்கு நடக்கும் விதம்

1. ஆதாரக் கூட்டம் ஒன்று வேண்டும். சில ஆயிரம் பன்றிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தகவல்: சிப்பில் வாசித்த டி.என்.ஏ.யும் நிறுத்து, அளந்து எழுதிய பதிவும். ஆட்டம் முழுவதும் இந்தப் படியில்தான் இருக்கிறது.

2. ஒவ்வொரு ஸ்னிப்பிலும் ஒரு பன்றிக்கு 0, 1 அல்லது 2 என்ற எண் கிடைக்கும். குறித்த எழுத்து வடிவத்தின் எத்தனை பிரதி அதனிடம் இருக்கிறது என்பதே அந்த எண்.

3. அந்த எண்களுக்கும் பதிவுகளுக்கும் இடையிலான தொடர்பைக் கணினி கண்டுபிடிக்கிறது. பன்றிகள் ஐயாயிரம், கண்டுபிடிக்க வேண்டிய விளைவுகள் அறுபதாயிரம் என்றால் சாதாரண கணக்கில் விடை வராது. ஆகவே ஒவ்வொரு விளைவையும் பூச்சியத்தை நோக்கி இழுத்துச் சுருக்கிவைக்கிறார்கள். பலமான சான்று உள்ளவை மட்டும் கொஞ்சம் தலை தூக்கும். எப்படிச் சுருக்குவது என்பதில்தான் முறைக்கு முறை வித்தியாசம்.

4. புதிதாகப் பிறந்த குட்டியின் காதில் சிறு துணுக்கு எடுத்து டி.என்.ஏ.யை வாசித்து, அந்த விளைவுகளை அதன் எண்களோடு பெருக்கிக் கூட்டினால் அதன் மதிப்பு வரும். குட்டி இன்னும் பால்குடி மறக்கவில்லை, ஒரு நாள்கூட நிறுக்கவில்லை, ஆனாலும் பத்துக் குட்டிக்கும் பத்து வேறு எண்கள்.

இதே கணக்கை இன்னொரு பக்கத்தாலும் செய்யலாம். 'பிளப்' முறையில் இரண்டு சகோதரங்களின் உறவு சராசரியாகப் பாதி என்று வைத்துக்கொள்வோம் அல்லவா? ஸ்னிப்புகளைப் பார்த்தால் உண்மையில் எவ்வளவு பங்கு ஒன்று என்பது தெரியும். ஒரு சோடிக்குப் பாதிக்குச் சற்று மேலே, இன்னொரு சோடிக்குச் சற்றுக் கீழே. வம்சாவளி உறவுக்குப் பதிலாக இந்த உண்மையான உறவைப் போட்டுப் பழைய கணக்கையே ஓட்டினால் ஏறக்குறைய அதே விடை வருகிறது. எல்லாப் பன்றிக்கும் சிப் போடக் காசு போதாது என்பதால், சிப் போட்டவையையும் போடாதவையையும் ஒரே கணக்கில் சேர்க்கும் ஒற்றைப்படி முறை பின்னர் வந்தது. இன்று பன்றி நிறுவனங்களில் பரவலாக ஓடுவது அதுதான். மலிவான சிறிய சிப்பில் சில ஆயிரம் ஸ்னிப்பை மட்டும் வாசித்து, மிச்சத்தைத் தாய் தகப்பனின் டி.என்.ஏ.யை வைத்து நிரப்பிக்கொள்ளும் உத்தியும் செலவை நன்றாகக் குறைத்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு இதை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று விளம்பரங்கள் வருகின்றன. இதுவரையான ஒப்பீடுகளில், பன்றியின் பெரும்பாலான உற்பத்திக் குணங்களுக்குச் சிக்கலான கணினி முறைகள் பழைய நேர்கோட்டு முறைகளை நிலையாக வென்றதாகத் தெரியவில்லை. சிறிய விளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும் குணத்துக்குக் கூட்டல் கணக்கே போதும்.

பசுவுக்குக் கிடைத்த இலாபம் வேறு, பன்றிக்கு வேறு

பாற்பசுவில் இந்த முறை பெரும் புரட்சி செய்தது. மகள்கள் பால் கொடுக்கும்வரை காளையின் தரம் தெரியாமல் ஐந்தாறு ஆண்டு காத்திருந்தவர்களுக்குக் கன்றாக இருக்கும்போதே எண் கிடைத்தது. பன்றியில் அவ்வளவு காத்திருப்பு இல்லை. சினைக்காலம் 114 நாள், ஏழெட்டு மாதத்தில் இனச்சேர்க்கைக்குத் தயார். ஒரு தலைமுறை ஏற்கெனவே ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடுகிறது. வளர்ச்சியையும் கொழுப்பையும் உயிரோடு வைத்தே நிறுத்தும் ஸ்கான் பண்ணியும் அளந்துவிடலாம். அப்படியானால் எதற்கு இவ்வளவு செலவு? நேரே அளக்கக் கடினமான குணங்களில்தான் இலாபம்:

1. தாய்மைக் குணங்கள்: குட்டி எண்ணிக்கை, பால், குட்டிகளைக் காப்பாற்றும் திறன். மரபுப் பங்கு குறைவு, ஆண் பன்றியில் தெரியவே தெரியாது.

2. இறைச்சியின் தரம். அளக்க வேண்டுமென்றால் பன்றியை வெட்ட வேண்டும், வெட்டிய பன்றி குட்டி போடாது. உடன்பிறப்புகளை வெட்டி அளந்து, உயிரோடிருப்பதற்கு மதிப்புச் சொல்லலாம்.

3. தீனியை இறைச்சியாக்கும் திறன். உற்பத்திச் செலவில் 60 முதல் 70 வீதம் தீனிக்குப் போகிறது. ஒவ்வொரு பன்றியும் எவ்வளவு தின்றது என்று அறிய, காதில் மாட்டிய மின்னணு அடையாளத்தை வாசித்துத் தீனியை நிறுத்து எழுதும் தொட்டி வேண்டும். அதைச் சில பன்றிகளுக்கு மட்டும் வைத்து மற்றவற்றுக்குக் கணிக்கிறார்கள்.

4. நோயை எதிர்கொள்ளும் தன்மை. மேலே சொன்ன பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸை எல்லாப் பன்றிகளும் ஒரே அளவில் அனுபவிப்பதில்லை. 4ஆம் நிறமூர்த்தத்தில் ஓரிடம் அந்த வேறுபாட்டோடு தொடர்புடையது என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவற்றில் முதலாவதுதான் பன்றி நிறுவனங்களை 2010களின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் இழுத்தது. அதில்தான் எச்சரிக்கையும் இருக்கிறது. குட்டி எண்ணிக்கையை மட்டும் துரத்திய இடங்களில் ஈற்றில் குட்டி கூடியது, கூடவே குட்டியின் பிறப்பெடையும் குறைந்தது. தாய்க்கு இருப்பது பதினான்கு சொச்சம் முலை, பிறப்பது பதினெட்டு என்றால் மிச்சம் நான்குக்கு வளர்ப்புத் தாய் தேட வேண்டும். டென்மார்க்கில் இதைக் கண்டு, பிறந்த எண்ணிக்கையை விட்டுவிட்டு ஐந்தாம் நாள் உயிரோடிருக்கும் எண்ணிக்கையை இலக்காக வைத்தார்கள். கணக்கு கேட்டதைத்தான் தரும். எதைக் கேட்பது என்று மனிதர்தான் சொல்ல வேண்டும்.

கணிப்பு எங்கே கைவிடும்?

இந்த எண்ணை எங்கும் எடுத்துச் செல்லலாம் என்ற நினைப்பே யாழ்ப்பாணத்துக்கு அதிகம் பாதகமானது, ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஒன்று, உறவுத் தூரம். ஆதாரக் கூட்டத்துக்கு நெருங்கிய சொந்தத்தில்தான் கணிப்பு நன்றாக வேலை செய்யும். லான்ட்ரேஸ் பன்றிகளில் கண்டுபிடித்த விளைவுகள் டியூரொக்கில் பெரும்பாலும் உதவாது. இனத்துக்கு இனம் அடையாளத்துக்கும் மரபணுவுக்கும் இடையிலான சோடி மாறிப்போயிருக்கும். ஒரே இனத்திலும் தலைமுறை கடக்கக் கடக்க நம்பகம் தேயும், ஆகவே புதிய பதிவுகளை இடையறாமல் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிப் ஒருமுறை செலவு, பதிவு ஆயுள் செலவு.

இரண்டு, கலப்பு. தெரிவு நடப்பது கருப்பண்ணையில், அதாவது நிறுவனம் தன் இனப் பன்றிகளை வைத்திருக்கும் மூலப் பண்ணையில், சுத்த இனத்தில். உங்கள் கூட்டில் நிற்பதோ லார்ஜ் வைற், லான்ட்ரேஸ், டியூரொக் கலந்த குட்டி. சுத்த இனத்தில் முதலிடம் பிடித்த ஆண் பன்றி, கலப்புக் குட்டிகளுக்குத் தகப்பனாகும்போதும் முதலிடம் பிடிக்கும் என்பதில்லை.

மூன்று, சூழல். ஐரோப்பாவின் கருப்பண்ணையில் மூடிய கட்டடம், வெப்பக் கட்டுப்பாடு, அளந்து கலந்த தீனி, நுழைவாசலில் குளித்துவிட்டு உள்ளே போகும் ஒழுங்கு. இங்கே தகரக் கூரை, சித்திரை வைகாசி வெயில், சாப்பாட்டுக் கடை மிச்சம், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு. பன்றி வியர்க்காத விலங்கு. பால் கொடுக்கும் தாய்ப்பன்றி 25 பாகை தாண்டினாலே தீனியைக் குறைக்கத் தொடங்கும், யாழ்ப்பாணத்தில் ஆண்டின் பெரும்பகுதி பகல் வெப்பம் அதற்கு மேலே. பெருந்தீனி தின்று பெருவளர்ச்சி வளரத் தெரிவு செய்த பன்றி உடலுக்குள்ளும் அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது. குளிர் நாட்டில் அதன் பலமாக இருந்ததே இங்கே பலவீனமாகலாம். அங்கே முதலாவதாக வந்த ஆண் பன்றியும் ஐந்தாவதாக வந்ததும் இங்கே இடம் மாறி நிற்கக்கூடும்.

இறக்குமதி இனம் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. சராசரியில் அது நாட்டுப் பன்றியைவிட விரைவாக வளரத்தான் செய்யும். ஆனால் விந்துப் பட்டியலில் இருக்கும் எண்ணை அப்படியே நம்பி, முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் பெரிய விலை வித்தியாசம் கொடுப்பது என் கணிப்பில் வீண் செலவு. அந்தக் காசைக் கூரைக்கு ஓலை போட்டு, நீர் தெளிக்கச் செலவழித்தால் பலன் முன்னதாகத் தெரியும்.

ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு இது பதிலா?

இல்லை. கணக்கு வேலை செய்ய வேண்டுமென்றால் பன்றிகளுக்கிடையே வேறுபாடு வேண்டும்: சில தாங்க வேண்டும், சில தாங்கக்கூடாது, இரண்டையும் ஒப்பிட வேண்டும். தீவிர வகை வைரஸ் புகுந்த கூட்டில் வீட்டுப் பன்றிகள் ஏறக்குறைய எல்லாமே செத்துவிடுகின்றன. கற்றுக்கொள்ள மிச்சம் எதுவும் இருப்பதில்லை. ஆபிரிக்காவின் வார்ட்ஹொக் காட்டுப்பன்றிகள் இந்த வைரஸைப் பெரிய நோயில்லாமல் சுமக்கின்றன என்பது உண்மை, ஆனால் அது வேறு விலங்கினம். வீட்டுப் பன்றியோடு கலந்து தெரிவு செய்யும் வழி அங்கே இல்லை.

மனிதருக்கு இந்த நோய் தொற்றாது, ஆனால் மனிதர்தான் அதைச் சுமந்து திரிகிறோம்: சப்பாத்தில், வாகனத்தில், எல்லாவற்றுக்கும் மேலாகப் பன்றியிறைச்சி கலந்த எச்சில் சாப்பாட்டில். கடை, மண்டபச் சாப்பாட்டைப் பன்றிக்குப் போடுபவர்கள் அதைக் குறைந்தது 90 பாகையில் ஒரு மணி நேரம் கிளறிக் கிளறிக் கொதிக்கவைக்க வேண்டும் என்பது உலக விலங்குச் சுகாதார அமைப்பின் வழிகாட்டல். எந்தச் சிப்பையும்விட அந்த ஒரு மணி நேரத்துக்கு வேண்டிய விறகுதான் இப்போதைக்குப் பெரிய பாதுகாப்பு.

வடக்கில் செய்யக்கூடியது

இங்கே யாரும் நாளைக்குச் சிப் வாங்கப் போவதில்லை. ஆனால் சிறு வளர்ப்பாளர்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் எட்டாதது என்று ஒதுக்கவும் வேண்டாம். கிழக்கு ஆபிரிக்காவில் ஒன்றிரண்டு பசு வைத்திருக்கும் வீடுகளின் பால் பதிவுகளைச் சேர்த்து, வம்சாவளிக் குறிப்பு எதுவுமே இல்லாமல், டி.என்.ஏ.யைக் கொண்டு உறவுகளைக் கண்டு, நல்ல விலங்குகளைத் தெரிவு செய்யும் திட்டம் நடந்திருக்கிறது. இந்தியாவிலும் உள்நாட்டு மாடுகளுக்கும் எருமைகளுக்கும் தனிச் சிப்புகள் வந்துவிட்டன. நமக்கு இது ஏன் முக்கியம்? ஊர்ப் பன்றிக்குத் தகப்பன் யார் என்று எவரும் எழுதி வைப்பதில்லை. நம் ஜமுனாபாரிக் கலப்பு ஆடுகளுக்கும் அதே கதைதான். உறவு தெரியாத குறையை டி.என்.ஏ. பிறகு நிரப்பிவிடும். எடை தெரியாத குறையை அது ஒருக்காலும் நிரப்பாது. போன ஆண்டுக் குட்டியின் எடையை இனி யாரும் நிறுக்க முடியாது.

ஆகவே ஒரு கொப்பியும் காது இலக்கமும் முதல் வேலை. ஒவ்வொரு ஈற்றுக்கும் இவை போதும்:

1. தாயின் இலக்கம், எந்த ஆண் பன்றி, ஈன்ற திகதி.

2. உயிரோடு பிறந்தவை, செத்துப் பிறந்தவை, பால் மறக்கும்போது மிஞ்சியவை.

3. விற்கும் நாளில் எடையும் வயதும்.

4. காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் எந்தக் குட்டிக்கு, எப்போது.

தராசு இல்லாதவர் தையற்காரரின் அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், காதுகளுக்கு நடுவிலிருந்து வாலடி வரை நீளத்தையும் மீற்றரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69.3ஆல் பெருக்கினால் கிலோ கணக்கில் எடை வரும். சுற்றளவு 1.05, நீளம் 1.10 என்றால் 84 கிலோ. தராசு அளவுக்குத் துல்லியம் இராது, ஆனால் எல்லாப் பன்றியையும் ஒரே ஆள் ஒரே மாதிரி அளந்தால் ஒப்பிட இது போதும். பன்றி தலையைக் குனிந்து தீனி தின்னும்போது அளந்தால் நீளம் கூடிக் காட்டும், தலை நேரே இருக்க வேண்டும்.

அப்புறம் ஆண் பன்றி. ஒரே ஆண் பன்றி நாலைந்து ஆண்டு ஒரே வட்டாரத்தில் நின்றால் அது தன் மகள்களையே சினைப்படுத்தும். குட்டி எண்ணிக்கையும் உயிர்ப்பும் குறையும். மதிப்புக் கணக்கு எதுவும் இல்லாமலே, இரண்டு ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டு ஆண் பன்றியை மாற்றிக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் காய்ச்சல் நடமாடும் காலத்தில் பன்றியை ஊர் விட்டு ஊர் நகர்த்துவதற்கு முன் மிருக வைத்தியரிடம் கேட்டே ஆக வேண்டும். வசதியுள்ள இடத்தில் விந்தை வருவித்துச் சினைப்படுத்துவது அதைவிடப் பாதுகாப்பு.

வெளியிலிருந்து விந்தோ இனப் பன்றியோ வாங்கும்போது விற்பவரிடம் கேட்க மூன்று கேள்விகள் போதும். இந்த எண் எந்த நாட்டில், என்ன தீனியில், எந்த வெப்பத்தில் எடுத்த பதிவுகளிலிருந்து வந்தது? நம்பகம் எத்தனை? ஹலோதேன் பரிசோதனை செய்ததா? மூன்றாவதுக்கு ஆம், இல்லை என்று நேரடிப் பதில் இருக்கிறது. மழுப்பினால் வாங்க வேண்டாம்.

கொப்பி எழுதுபவர் கூடவே செய்யக்கூடிய இன்னொரு சின்ன வேலை உண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது, மாகாணக் கால்நடைத் திணைக்களம் இருக்கிறது. நாளை யாராவது பணத்தோடு ஓர் ஆய்வைத் தொடங்கினால், பதிவுள்ள விலங்குகளின் டி.என்.ஏ. தேவைப்படும். அதற்குள் அந்தப் பன்றிகள் இறைச்சியாகிப் போயிருக்கும். ஆகவே விற்கும் முன், முதுகிலிருந்து முப்பது நாற்பது தடித்த மயிரை வேரோடு பிடுங்கி, காகிதக் கடித உறையில் போட்டு, வெளியே காது இலக்கத்தையும் திகதியையும் எழுதி, ஈரம்படாத அலுமாரியில் வைக்கலாம். டி.என்.ஏ. இருப்பது வேரில், ஆகவே கத்தரியால் வெட்டிய மயிர் உதவாது. பொலித்தீன் பையும் வேண்டாம், உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும்.